ஆவரசம்பூவும் அரச காணியும்

இலங்கையில் தேநீர் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே மலைநாட்டின் பச்சைச் சரிவுகளும், முதுகிலே கூடை சுமந்த பெண்களும், கப்பலேறும் பெட்டிகளும் மனக்கண் முன் தோன்றுவது இயல்பு. ஆனால் கல்முனையிலிருந்து தெற்கே பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் கரையோரத்திலே, அந்தக் கொழுந்தின் துணையின்றியே அடுப்பிற் கொதிக்கும் வேறொரு தேநீரும் உண்டு. அதற்குத் தோட்டமில்லை, துரையில்லை, கங்காணியில்லை, ஏலச் சந்தையுமில்லை. பற்றைக்காட்டிலே தானே முளைத்துத் தானே பூத்து, ஏழைப் பெண்களின் விரல்களாற் கொய்யப்படும் ஆவரசம்பூவே அதன் மூலப்பொருள். இந்த எளிய பானத்தைப் பற்றிப் பேசப் புகுந்தால் காணியைப் பற்றிப் பேசாமல் விட முடியாது என்பதே நாம் இங்கு சொல்ல வந்த செய்தி.

இச்செடியை அறியாதார் நம் வாசகரிடையே சிலராகவே இருப்பர். ஆளுயரத்துக்கு மேல் அதிகம் வளராத புதர், சிறு சிறு இலைகள், ஐந்து இதழ் விரித்த பொன்மஞ்சட் பூக்கள், தட்டையான காய்கள். வரண்ட நிலத்தையும் மணற்பாங்கான கரையையும் அஞ்சாது வாழ்வது. எம் ஊர்களில் ஆவரசு என்றும் ஆவாரை என்றும் வழங்கும் இதனைச் சங்கப் புலவர்கள் ஆவிரை என்றனர். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் இதுவும் ஒன்று. காதலில் தோற்று மடலேறத் துணிந்த ஆடவர் சூடிய பூவும் இதுவே. சிங்கள மக்கள் ரணவரா என்பர். கடைத்தெருவிலே தமிழ் பேசுவோரும் அப்பெயர் சொல்லிக் கேட்பதுண்டு. 1753இல் லின்னேயஸ் இதற்கோர் இலத்தீன் பெயரிட்டார். இன்று தாவரவியலார் இதைச் சேர்க்கும் ‘சென்னா’ என்னும் பேரினத்தின் பெயரோ ‘ஸனா’ என்ற அறபுச் சொல்லிலிருந்து பிறந்தது. நபிமொழிகளிலே பேசப்படும் ஸனா, நம் பரிசாரிமார் நிலாவாரை என்று வழங்கும் பேதிமருந்து. அது ஆவரசின் உடன்பிறப்பு. ஒரு பற்றைச் செடியின் பெயரிலேயே தமிழும் சிங்களமும் அறபும் இலத்தீனும் கலந்து கிடக்கின்றன. தூய்மை பேசி மக்களைப் பிரிப்போர் இச்செடியின் முன் சிறிது நேரம் நிற்பது நல்லது.

நமது அயலிலே வாழும் மூத்தும்மா ஒருவர் சிறு வயது முதல் இப்பூவைக் கொய்து வருபவர். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேல் அவர் படித்ததில்லை. விடுமுறை நாளொன்றில் மாணவர் சிலரையும் அழைத்துக்கொண்டு, அவர் பின்னே திருக்கோவிலுக்கும் கோமாரிக்கும் அப்பாலுள்ள பற்றைக்காட்டுக்கு நாம் சென்றிருந்தோம். வெயில் ஏறுமுன், பனி உலர்ந்ததும் பறிக்க வேண்டும் என்றார். முழுதாய் விரிந்த பூவும் நாளை விரியவிருக்கும் மொட்டும் ஏற்றவை. வாடியதும் பூச்சி அரித்ததும் ஆகா. கொம்பை வளைத்துப் பூவை மட்டும் கிள்ள வேண்டும், கொம்பை முறிக்கலாகாது. மாணவனொருவன் ஒரு செடியை முற்றாக மொட்டையடிக்கக் கண்டபோது மூத்தும்மா அவன் கையைப் பற்றிக்கொண்டார்.

“எல்லாத்தையும் வாரிக்கொண்டு போகப்படாது மகன். வண்டுக்கும் வேணும், விதைக்கும் வேணும், நாளைக்கு வாற புள்ளைக்கும் வேணும்” என்றார்.

இயற்கை வளத்தைக் காத்துப் பயன்கொள்வது பற்றிப் பெரிய மாநாடுகள் பேசுவதன் சாரம் இந்த மூன்று ‘வேணும்’களில் அடங்கிவிட்டது.

வீடு திரும்பியதும் பூக்களைச் சுளகிலிட்டுப் புடைத்துக் காம்பும் எறும்பும் நீக்கினார். புற்பாயிலே பரப்பி, மேலே பழைய மருதமுனைச் சாரமொன்றை மூடி, நிழலிலே காயவிட்டார். கடும் வெயிலிற் காய்ந்தால் நிறமும் மணமும் போய்விடும் என்பது அவர் கணிப்பு. நாலைந்து நாளில், கையால் நொறுக்கினால் சரசரக்கும் பதம் வரும். அப்போது தகரப்பேணியிலோ உலர்ந்த போத்தலிலோ இட்டு இறுக மூடினால் மாதக்கணக்கில் இருக்கும். தேநீர் ஆக்கும் முறை அதனினும் எளிது. மூன்று கோப்பைத் தண்ணீருக்கு ஒரு சிறு பிடி பூ. சிறு துண்டு இஞ்சி. மெல்லிய அடுப்பிலே இரண்டு கோப்பையாக வற்றும்வரை கொதிக்க வேண்டும். வடித்தெடுத்தால் தேன் நிறம். நாவிலே இலேசான துவர்ப்பு. அதன் பின்னே ஒரு மெல்லிய கசப்பு. சீனி போடுவதில்லை. கருப்பட்டித் துண்டொன்றைக் கடித்தபடி அருந்துவதே வழக்கம். நோன்பு காலத்தில் தறாவீஹ் தொழுகை முடிந்து வருவோர்க்கும், வயலிலிருந்து மாலையில் மீள்வோர்க்கும், உடல் சூடென்று சொல்லும் பிள்ளைக்கும் இதுவே பானம்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமற் போவது குற்றமாகும். மஞ்சட் பூவெல்லாம் ஆவரசம்பூ அல்ல. வேலியோரத்திற் பூக்கும் மஞ்சள் அலரியின் ஒவ்வொரு பாகமும் நஞ்சு. ஆவரசுக்கு உறவான பொன்னாவாரையின் விதையும் குழந்தைகளுக்கு ஆபத்தானது. செடியை நன்கறிந்தவர் கைகாட்டாமல் எதையும் பறித்துக் காய்ச்சலாகாது. வயலுக்கருகே கிருமிநாசினி படிந்த பூவும், பெருந்தெருவின் புகையும் புழுதியும் படிந்த பூவும் விலக்கத்தக்கவை. காட்டிற் கிடைப்பதெல்லாம் தூயது என்பது நகரத்தார் கட்டிய கற்பனை. காட்டை அறிந்தவர்கள் அவ்வாறு எண்ணுவதில்லை.

இப்பூவைக் கொய்யப் போகிறவர் யார்? கைம்பெண்கள், கூலிக்கு வயல் வெட்டுவோரின் மனைவியர், பிள்ளைகள் வெளிநாடு சென்று மறந்துவிட்ட முதியோர் ஆகியோரே. முஸ்லிம் பெண்களும் தமிழ்ப் பெண்களும் அதே பற்றைக்கே போகின்றனர். யானைக்கு அஞ்சிக் கூட்டமாகப் போகின்றனர். ஒருவர் கண்டால் மற்றவரைக் கூவி அழைக்கின்றனர். போர் நடந்த ஆண்டுகளில் அந்தக் கூவல் நின்று போயிருந்தது. துவக்குச் சத்தத்துக்கும் மிதிவெடிக்கும் அஞ்சிய பெண்கள் பற்றைக்காட்டுப் பக்கமே தலைவைக்கவில்லை. இரு சமூகத்தாரும் ஒருவரையொருவர் ஐயுற்ற அந்த நாட்களில் பூ யாருக்கும் பயனின்றி உதிர்ந்தது. 2009இல் போர் முடிந்தபின் பாதை திறந்தது. ஆனால் திறந்த பாதையின் இருமருங்கிலும் முன்பில்லாத வேலிகள் முளைத்திருப்பதையே பலர் கண்டனர்.

அந்த வேலிகளின் மூலத்தை அறிய நாம் 1840ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், முடிக்குரிய காணி ஆக்கிரமிப்பைத் தடுப்பது என்ற பெயரில் வந்தது. காடு, தரிசு, குடியிருப்பற்ற நிலம், பயிரிடாத நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்கே சொந்தம் என்று அது அனுமானித்தது. உறுதி எழுதி வைக்காத கிராமத்தவன், தலைமுறை தலைமுறையாக விறகும் தேனும் மூலிகையும் எடுத்த நிலத்தைத் தன்னுடையதென்று எப்படி நிரூபிப்பான்? நிரூபிக்க முடியாத நிலம் ஏக்கர் 5 சிலிங் என்ற அற்ப விலைக்குக் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. வாங்கியோருள் ஆட்சிப் பதவியில் இருந்த உத்தியோகத்தரும் அடங்குவர். பின்னர் 1897ஆம் ஆண்டுத் தரிசு நிலக் கட்டளைச்சட்டம் அந்த வேலையை மேலும் இறுக்கியது.

கோப்பியை 1869 முதற் பரவிய இலைநோய் அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1867இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி வீழ்ந்த இடத்திலே தேயிலை எழுந்தது. அதற்கு உழைக்கத் தமிழகத்தின் பஞ்சம் பட்ட கிராமங்களிலிருந்து ஏழைகள் கொண்டுவரப்பட்டனர். காடு வெட்டி மலையைப் பசுமையாக்கிய அவர்களின் பிரசாவுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964இல் இரு அரசுகள் அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டுக்கொண்டன. நாடற்றோர் என்ற நிலை சட்டத்தளவில் நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

கரையோரப் பூவைப் பற்றிப் பேசும்போது மலைநாட்டுக்கு ஏன் போக வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். மலையின் தேயிலையும் கரையின் ஆவரசும் அதே சட்டத்தின் கீழ் வந்தவை என்பதே விடை. மலையிலே ‘தரிசு’ என்று பெயரிட்ட நிலம் தோட்டமாயிற்று; கரையிலே ‘தரிசு’ என்று பெயரிட்ட நிலம், அரசு கைவைக்கும் நாள்வரை பற்றைக்காடாய்க் கிடந்தது. அலுவலகத்துப் படத்திலே அது வெற்றிடம். மூத்தும்மாவின் மனப்படத்திலோ ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பெயருண்டு: இந்த மேட்டில் ஆவரசு, அந்தப் பள்ளத்தில் தேங்காய்ப்பூக்கீரை, ஒற்றைப் பாலை மரத்தடியில் நன்னாரி. நாடு குடியரசான 1972இன் பின் முடிக்குரிய காணி அரச காணி ஆயிற்று. பெயர் மாறியது, தரிசு என்ற சொல்லின் பொருள் மாறவில்லை.

தேயிலை எமது நாவையும் தானாக வென்றுவிடவில்லை. முதலில் அது எமக்காகப் பயிரிடப்பட்டதன்று. கடல்கடந்த சந்தைக்கே பயிரிடப்பட்டது. உலகப் பொருளாதார மந்தம் விலையை வீழ்த்திய காலத்தில், 1932இல், இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை நிறுவப்பட்டது. அயல்நாடான இந்தியாவிலோ 1903ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேயிலை ஏற்றுமதியில் அறவிட்ட வரியைக்கொண்டே பிரசாரம் நடந்தது. புகையிரத நிலையங்களிலும் சந்தைகளிலும் கோப்பைகள் இலவசமாக நீட்டப்பட்டன. ஒரு பழக்கத்தை முதலில் இலவசமாகக் கொடுத்துப் பின்னர் விலைக்கு விற்பது வியாபாரத்தின் பழைய தந்திரம். நல்ல தரம் கப்பலேற, தூள் நம் கடைகளுக்கு வந்தது. தூளின் கசப்பை மறைக்கச் சீனி வந்தது. வெளிநாட்டுப் பால்மா வந்தது. காட்டிற் கிடைத்த பானத்தைக் குடித்தவன், மூன்று சந்தைகளை நம்பி ஒரு கோப்பை அருந்துபவன் ஆனான்.

அந்த நம்பிக்கை எவ்வளவு உறுதியற்றது என்பதை 2022ஆம் ஆண்டு காட்டியது. டொலர் இல்லாமல் நாடு தள்ளாடிய அவ்வாண்டு மார்ச்சில் 400 கிராம் பால்மாப் பொதி 790 ரூபாயைத் தொட்டது. அதற்கும் மக்கள் வரிசையில் நின்றனர். எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. அந்த மாதங்களில் எம் ஊர்களின் பல வீடுகளில் மறந்து கிடந்த தகரப்பேணிகள் திறக்கப்பட்டதை நாம் கண்டோம். விறகடுப்பிலே ஆவரசம்பூவும் கொத்தமல்லியும் மீண்டும் கொதித்தன. இதனை வறுமையின் அழகென்று போற்றுதல் ஆகாது; வறுமையில் அழகில்லை. பால் வேண்டிய குழந்தைக்குப் பூத்தண்ணீர் ஈடாகாது. ஆயினும் கையிற் காசில்லாத நாளிலும் விருந்தினனுக்கு ஒரு கோப்பை சூடாகக் கொடுக்க முடிந்தது என்பது ஒரு மனிதனின் மானத்தோடு தொடர்புடைய காரியம்.

அப்போது பூத்தேடிப் புறப்பட்ட பெண்கள் பற்றைக்காடு சுருங்கியிருக்கக் கண்டனர். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருக்குண்டவை. வீட்டோடு வீடு ஒட்டிய அங்கே ஒரு செடிக்கு இடமில்லை. மேற்கே 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பெருங்காட்டை வயலும் குடியேற்றமுமாக்கியது. கரையோர விவசாயிகளின் காணிக் குறைகள் அன்று தொட்டு இன்றுவரை பேசப்படுபவை. கிழக்கே கடல். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் அக்கடல் எழுந்து அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு போயிற்று. அதன்பின் வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று 2005இல் அரசு எல்லை வகுத்தது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றராகவே இருந்தது. எல்லை பின்னர் தளர்ந்தது. ஆனால் இடம்பெயர்ந்தோர்க்கு மனை தேடிய வேளையில் எஞ்சிய மேடுகளே கண்ணிற் பட்டன. படாமல் வேறென்ன செய்யும்? ஒலுவிலில் 2013இல் திறந்து வைக்கப்பட்ட துறைமுகத்தை அண்டிய கரையைக் கடல் அரித்தது. தெற்கே பொத்துவிற் பக்கம் உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகள் கரையை நோக்கி நகர்ந்தன. வனம் என்றும், வனவிலங்குச் சரணாலயம் என்றும், தொல்பொருட் பூமி என்றும் எல்லைக்கற்கள் நாட்டப்பட்ட இடங்களும் பல. இவற்றுட் சில அவசியமானவை. காட்டையும் யானையையும் காப்பது நமக்கும் உடன்பாடே. எல்லைக்கல் நாட்டுவோர், அந்நிலத்தில் பூக்கொய்து பிழைப்பவளை ஒரு சொல் கேட்டதுண்டா என்பதே நமது வினா.

செடி குறையக் குறையப் பூவுக்கு விலை ஏறுகிறது. இன்று பெருங்கடைகளிலே அழகிய பொதிகளில், ஆங்கில எழுத்துப் பொறித்து, ஆவரசம்பூத் தேநீர் கிடைக்கிறது. பைக்குள் அடைத்ததை வெந்நீரில் முக்கினால் போதும். வாங்குவோரில் நாமும் இருக்கிறோம், அதில் தவறில்லை. ஆனால் மூத்தும்மா சுண்டால் அளந்து விற்கும் பூவுக்கும் அந்தப் பொதிக்கும் இடையிலுள்ள விலை வேறுபாட்டை ஒரு மாணவன் கணக்குப் பாடமாகப் போட்டுப் பார்க்கட்டும். வேறுபாடு முழுவதும் யாருடைய பைக்குச் செல்கிறது? செடியை அடையாளம் கண்ட அறிவுக்கு அதில் ஏதேனும் பங்குண்டா? அறிவையும் வேலியடைக்க முடியும் என்பதற்கு மஞ்சளின் கதையே சான்று. புண்ணுக்கு மஞ்சள் இடுவதை அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவ நிலையம் ஒன்று 1995இல் தனது கண்டுபிடிப்பாகப் பதிவு செய்து உரிமை பெற்றது. இந்தியாவின் விஞ்ஞான ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்று காட்டி வழக்காடி 1997இல் அதனை நீக்குவித்தது. எம் பாட்டிமாரின் கைவைத்தியம் நூலேறாதது. அதற்கு யார் சான்று காட்டுவார்?

இனி மருந்துக் குணம் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். ஆவாரை பூத்திருக்கும் ஊரிலே சாவாரைக் கண்டதுண்டோ என்று கேட்பது நம்மவர் பழமொழி. கண்டிருக்கிறோம் என்பதே விடை. சீனி வருத்தத்துக்கு இப்பூ நல்லது என்ற நம்பிக்கை நம் ஊர்களில் ஆழ வேரூன்றியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 2002இல் நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஆவாரம்பூச் சாற்றைக் கொடுத்து, குருதியிற் சீனி குறைவதைக் கண்டனர். அது நம்பிக்கை தரும் செய்தியே. எனினும் எலி மனிதனல்லன். பரிசோதனைச்சாலையின் சாறு மூத்தும்மாவின் கோப்பையுமன்று. பூத்தண்ணீரை நம்பி மாத்திரையையும் இன்சுலினையும் கைவிட்டுக் காலை இழந்தோரும் கண்ணை இழந்தோரும் நம் அயலிலேயே உண்டு. மருந்தோடு சேர்த்து அருந்துவோரும், சீனி அளவு மேலும் தாழ்ந்துவிடாதபடி வைத்தியரிடம் சொல்லி அருந்த வேண்டும், கர்ப்பிணிகளும் அவ்வாறே. 2020 டிசெம்பரில், கொரோனா தீர்க்கும் என்ற ஒரு பாணிக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். அதனைப் பகிரங்கமாக அருந்திய அமைச்சர் ஒருவரே 2021 ஜனவரியில் அந்நோய்க்கு ஆளானார். மக்களின் மரபறிவை மதிப்பது வேறு. அதன் பெயரால் மக்களை ஏய்ப்பது வேறு.

பூவும் மாத்திரையும் பகை என்று எண்ணுவோர்க்கு இன்னொரு வரலாற்றைச் சொல்வோம். ஐரோப்பாவின் ஈரநிலங்களில் ஊதா நிறத்திற் பூக்கும் கலேகா என்னும் காட்டுச்செடியை அந்நாட்டு ஏழைகள் மருந்தாகப் பயன்படுத்தி வந்தனர். அதிலுள்ள பொருளொன்று குருதிச் சீனியைக் குறைப்பதையும், நஞ்சாவதையும் விஞ்ஞானிகள் கண்டனர். அதன் இனத்தைச் சேர்ந்த, தீங்கு குறைந்த பொருளொன்று 1922இல் டப்ளின் நகரில் ஆக்கப்பட்டது. 1957இல் பாரிசில் ஜோன் ஸ்ரேன் என்ற மருத்துவர் அதனை மனிதருக்குக் கொடுத்துப் பயன் கண்டு வெளியிட்டார். அதுவே இன்று எம் ஆஸ்பத்திரிகளில் வரிசையில் நின்று மக்கள் பெறும் மெட்போமின். காட்டுப்பூவின் வழித்தோன்றலே அந்த வெள்ளை மாத்திரை. ஏழைகளின் அனுபவம் தொடக்கம், சோதனை நடுவழி, எல்லோர்க்கும் எட்டும் மருந்து முடிவு. அந்த முடிவை இந்நாட்டில் உறுதிப்படுத்தப் பாடுபட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. அவரும் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கை, வியாபாரப் பெயர்களுக்கு விலை கொடுப்பதை விட்டு மருந்தை அதன் சொந்தப் பெயரால், அரசே, மலிவாக இறக்குமதி செய்ய வழி வகுத்தது. அவ்வாண்டே பிறந்த அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் பிபிலேயே. அவர் மாத்திரைக்குச் செய்ய முயன்றதையே நாம் பூவுக்கும் கேட்கிறோம். நோயாளியின் மருந்தும் ஏழையின் பானமும் பொதுவுடைமையாய் இருக்க வேண்டும்.

அதற்கு ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்க காரியங்கள் உண்டு. முதலாவது, ஊரின் பற்றைக்காடுகளை நடந்தளந்து படம் வரைதல். எந்த மேட்டில் எந்தச் செடி, எந்தப் பருவத்தில் யார் வந்து பறிக்கின்றனர், அந்த மேட்டுக்கு மக்கள் வழங்கும் பெயர் யாது என்பனவற்றை முதியோரைக் கேட்டு எழுதுதல். தரிசு என்று எழுதும் பேனாவுக்கு எதிராக இதுவே முதற் சான்றாகும். இரண்டாவது, அப்படத்தைப் பிரதேச சபையின் முன் வைத்து, எஞ்சிய நிலத்திற் சில துண்டுகளையேனும் பொதுப் பற்றையாக ஒதுக்கக் கோருதல். முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் சேர்ந்து கோரினால் அக்கோரிக்கைக்கு வலு இரட்டிப்பாகும். மூன்றாவது, பாடசாலை வேலியோரம் ஆவரசு நடுதல். விதையின் தோல் கடினமானது. வெந்நீரில் ஊறவிட்டு விதைத்தால் எளிதில் முளைக்கும். நான்காவது, பூக்கொய்யும் பெண்களைக் கூட்டுறவுச் சங்கமாக்கிப் பொதிசெய்யும் இலாபம் அவர்கள் கைக்கே சேரச் செய்தல்.

இவை சிறு காரியங்களே. 1840இன் சட்டம் ஒரே நாளில் நிலத்தைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டது; அதனை மீட்க ஒரு நாள் போதாது. ஆனால் பெயர் சொல்ல ஆளில்லாத நிலமே முதலிற் பறிபோகிறது. கோமாரி மேட்டின் பெயர்களை அறிந்த மூத்தும்மாமார் இன்னும் சிலரே எம்மிடையே உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே, அடுத்த விடுமுறையிலேயே, கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னே நடக்கும்படி எம் மாணவரைக் கேட்டுக்கொள்கிறோம்.